உங்கள் குரலே உங்களை வாழ்த்தும் மடல்

வருக என்னும் ஒரு சொல்லுக்காக வாழ்நாளில் இருபத்திரண்டு ஆண்டுகளை வாரி வழங்கியவரே, வந்தவர் தயங்கி நிற்குமுன் வாஞ்சையோடு பெயர் கேட்டவரே, எங்கள் வாசலக்காவே, வணக்கம்.

இந்த மடலைப் படிப்பது யார் என்று திரும்பிப் பார்க்கிறீர்கள். மேடையில் எவரும் இல்லை. மேசைமேல் ஒரு கணினிதான் இருக்கிறது. பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் நம் வாசிப்பான் மென்பொருள்தான் படிக்கிறது. போர்வைகளால் சுவர் மறைத்த பின்னறையில், உங்கள் நாற்பதாம் வயதில், பதினோரு நாள் அமர்ந்து நீங்கள் பதிந்து தந்த குரல் இது. உங்களுக்கு அறுபது ஆகிவிட்டது. இதற்கு ஆகவில்லை.

இந்த மென்பொருளின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று ஊரறிய அறிவித்துவிட்டு, அனுப்பியவரை அரை வரியில் விரட்டும் அறிவாளிகளாக இருந்தோம் நாங்கள். புதியவருக்குப் புரியும்படி முதல் பக்கத்தை எழுதியவர் நீங்கள். எளிய பிழைகளைத் திருத்தாமல் விட்டுவைத்து, "இது புதுசா வர்றவங்களுக்கு. யாராவது கை வெச்சீங்க, விரலை ஒடிச்சிடுவேன்" என்று மூத்தவர்களை மிரட்டியவரும் நீங்கள்.

ஆயினும் ஒருவரை இழந்தோம். தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டு இணைப்புக் கொடுத்து, பார்வை போனபின் நிரல் எழுதப் பழகியவர் அவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தம் முதல் திருத்தத்தை அனுப்பினார். பதிவின்போது நீங்கள் விட்ட மூச்சுகளையெல்லாம் நாங்கள் வெட்டி ஒதுக்கிய கோப்பு ஒன்று நிரலோடு கிடந்தது. அவர் அதைக் கண்டெடுத்து, வாக்கியத்துக்கு ஒன்றாக அந்த மூச்சுகளைத் திரும்பச் சேர்த்திருந்தார். எங்கள் தாடிக்காரர் பதில் போட்டார்: "விதிமுறையைக்கூடப் படிக்காம வர்றவங்களுக்கு இங்க வேலை இல்ல. கிளம்புங்க."

மறுநாள் அலுவலகத் தொலைபேசியை எடுத்தவர் நீங்கள். "யாருங்க பேசுறது?" என்றீர்கள். மறுமுனையில் அவர்.

"நீங்கதானா? ரெண்டு வருஷமா மருந்துச் சீட்டு, மகளோட கடிதம் எல்லாம் நீங்கதாம்மா படிச்சுக் காட்டுறீங்க. நேத்து நீங்களே என்னைக் கிளம்புன்னு சொல்லிட்டீங்களே."

"நான் சொல்லலைங்க."

"முப்பது வருஷம் குரலைக் கேட்டுப் பொழைச்சவன். எனக்கா தெரியாது?" என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு வழக்கத்தை வகுத்தீர்கள். புதியவருக்கு எழுதும் எந்தப் பதிலையும், எழுதியவர் உங்கள் எதிரில் அமர்ந்து வாசிப்பானில் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும். முதல் பலி தாடிக்காரர்.

"அக்கா, நீங்களே திட்டுற மாதிரி இருக்கு."

"நான் வாயே திறக்கலையேப்பா."

அவர் அழித்து எழுதினார். நாங்களும் எழுதினோம். வந்தவர்கள் தங்கினார்கள், இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேர் அப்படித் தங்கியவர்களே. அந்தத் தொலைபேசி நிலையக்காரர் மட்டும் வரவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. கடிதமாவது எழுதுங்கள் என்றோம். "எழுதினா அதையும் மெஷின் என் குரல்லதானே படிக்கும்? அதுல எது நான்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றீர்கள்.

சென்ற மாதம் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "நான் ஓய்வு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். என் குரல் இங்கயேதான் இருக்கும். அதை வெச்சு யாரை என்ன சொல்லப் போறீங்களோ. பார்த்துக்க முடியலைன்னா அழிச்சிடுங்க."

அக்கா, அழிக்க மனமில்லை. அதைக் கேட்டு நடமாடுவோர் ஆயிரமாயிரம். மாறாக, அன்று நாங்கள் இழந்தவருடைய பழைய திருத்தத்தைத் தேடியெடுத்து, அவர் பெயரோடு சேர்த்தோம். முதன்முறை ஓட்டிப் பார்த்த மதியம், வாசிப்பான் ஒரு வரி படித்து நிறுத்தி, மெல்ல மூச்சு வாங்கியது. அறையிலிருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் உங்கள் நாற்காலியைப் பார்த்தோம். "அக்கா வந்துட்டாங்களா?" என்றார் தாடிக்காரர். நீங்கள் அன்று விடுப்பில். இன்றும் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மூச்சும் இருபது ஆண்டுகளுக்கு முன் நீங்கள் விட்டது.

இனி முறை வைத்து எங்களில் ஒருவர் தினமும் அந்த நாற்காலியில் அமர்வோம். ஒரு புதியவரையும் உங்கள் குரலால் விரட்டமாட்டோம்.

தாடிக்காரர் அந்தத் திருத்தத்தை அனுப்பியவர் வீட்டுக்கே போனார். "அன்னிக்கு அப்படி எழுதினது நான்தாங்க. மன்னிச்சிடுங்க."

"நீங்க எழுதியிருக்கலாம் தம்பி. ஆனா சொன்னது அந்தம்மா குரல்லதானே? மெஷின் வேற, மனுஷி வேறன்னா, ரெண்டையும் நான் ஒரே இடத்துல கேக்கணும்."

உடல்நலம் குன்றாமல், உள்ளம் சோராமல், இன்னும் பல்லாண்டு எங்கள் பிழைகளை எடுத்துச் சொல்லிக்கொண்டே நீங்கள் இருக்க வேண்டும் என வாழ்த்தி வணங்குகிறோம்.

கடைசி வரிசையில், கதவோரம், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருப்பவர் அவர்தான். வாசிப்பான் இப்போது நின்றுவிடும். எழுந்து நீங்கள் அவரிடம் பேசுங்கள், அக்கா.

இங்ஙனம்,
உங்களால் உள்ளே வந்தவர்களும்
உங்களிடம் கேட்கக் கற்றவர்களுமான
வாசிப்பான் பணியாளர்கள்