ஓரத்தில் எழுதியது

ஹலோ... ஆமா, அக்காதான்... கத்தாதடா, கடையில ஆள் இருக்காங்க... ஆமா, ஆமா, நான்தான் அனுப்பினேன். உன் கதையை, உன் பேர்ல, அந்தப் பத்திரிகைக்கு... கேக்காமத்தான். கேட்டா குடுத்திருப்பியா? 'இன்னும் ஒரு தடவை பாக்கணும்'னு பாத்துப் பாத்தே தாளெல்லாம் மஞ்சளாயிடுச்சு.

...ஆசிரியரே ஃபோன் பண்ணாரா! அப்புறம் எதுக்குடா அழற?... என்ன கலந்திருக்கு?... ஓரத்துல நீ பென்சில்ல எழுதியிருந்ததா? ஆமா, அதையும் சேத்துத்தான் டைப் அடிச்சேன்... எனக்கெப்படித் தெரியும், அது நீ உன்னையே திட்டிக்கிட்டதுன்னு? தாள்ல இருக்கிறத அப்படியே அடிக்கணும், யோசிக்கக் கூடாது. டைப்பிங் கடையில நான் பொழைக்கிறதே அப்படித்தான். பத்திரம் அடிக்கும்போது யோசிச்சா எவன் வீடு எவன் பேருக்குப் போகும்!

...ஆமா... ஆமா, 'இந்த வரி குப்பை', அடிச்சேன். 'இங்க பொய் சொல்றே', அதுவும் அடிச்சேன். கதையில வர்ற ஆளு தனக்குத்தானே பேசிக்கிறான்னு நெனச்சேன்.

சரி, மூக்கைச் சிந்திட்டு சொல்லு. அவரு என்னதான் சொன்னாரு?... போடறாராமா!... என்னது? அந்தத் திட்டுதான் கதைக்கே உயிரா?... அப்போ இத்தனை வருஷமா நீ உக்காந்து செதுக்கினது?... 'அதுவும் பரவாயில்ல'ன்னாரா? ஐயோ பாவம்... சிரிக்கலடா. இருமல்.

...வேண்டாம்னு சொல்லப் போறியா? உதை வாங்குவ... டேய், கேளு. கடைசிப் பக்கத்துல கதையே இல்ல. 'பயமா இருக்கு'ன்னு பென்சில்ல மட்டும் இருந்துச்சு. அங்க என் கை நின்னுடுச்சுடா... ஆமா, அங்க மட்டும் யோசிச்சேன். விட்டுட்டு அனுப்பியிருக்கலாம். மனசு வரல... அதைத்தான் நல்ல முடிவுன்னாரா?... ம்... எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு.

...அடுத்த கதையும் கேட்டிருக்காரா? அப்போ எங்கிட்ட என்ன பேச்சு?... இன்னும் தயாராகலையா? இதுக்கு மட்டும் தயாராவா இருந்த?... அது என்ன சரசரன்னு சத்தம்? தாளைக் கிழிக்கிறியா?... பென்சில் சீவுறியா! சரி சரி, சீவு, சீவு. நான் வைக்கிறேன்.

...ஒரு நிமிஷம். 'அக்கா பாத்திரம் ரொம்பக் கத்துது, குறைக்கணும்'னு ஒரு பக்கத்துல எழுதியிருந்தியே... ஆமா, அதையும் அடிச்சேன். அடுத்த தடவை என்னைப் பத்தி எழுதும்போது கொஞ்சம் பாத்து... ஹலோ?... ஹலோ?...

வச்சிட்டான். நீங்க சொல்லுங்கண்ணே, என்ன அடிக்கணும்? குடுங்க. தாள்ல இருக்கிறது அப்படியே வரும்.