உள்ளங்கால் மச்சம்

கை கழுவாமல் நான் ஒரு நாளும் அவருடைய காயத்தைத் தொட்டதில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். நேற்று என்னிடம் கேள்வி கேட்ட உங்கள் பொலிஸ்காரர் என்னை ஏதோ ஊத்தைப் பெண் என்று நினைத்துக்கொண்டு கேட்பது போல இருந்தது. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் கம்பனியில் களிம்புக் குழாய்களைப் பெட்டியில் அடுக்குவதுதான் என் வேலை. தலைக்கு வலை, கைக்கு உறை, விரலிடுக்கெல்லாம் சவர்க்காரம். எங்கள் ஆட்களில் என் அளவுக்குச் சுத்தம் பார்க்கிறவர்கள் குறைவு. மொழிபெயர்க்க வந்த பிள்ளை வினோஜா, தமிழிலேயே எழுதித் தரலாம் என்றாள். வாயால் சொன்னால் பாதி பிரெஞ்சுக்குள் தொலைந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெகதீஸ்வரி. கணவர் கிருபானந்தன் ட்ரக் ஓடுகிறவர். ஊருக்குள் சாமான் இறக்குகிற வேலை இல்லை, மொன்றியலில் ஏற்றினால் கல்கரி, வன்கூவர், சில வேளை டெக்ஸஸ் வரைக்கும் போகிற ஓட்டம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் வீட்டுக்கு வந்தால் முதல் நாள் நித்திரை, அடுத்த நாள் மத்தியானமே கையில் ட்ரக் திறப்புக் கோர்வை குலுங்கத் தொடங்கிவிடும். சோபாவில் இருந்து கால் ஆட்டுவார். பல்கனிக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். வினிபெக்கில் பனி கொட்டுகிறதா என்று போனில் பார்ப்பார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு கதைத்தால் "ஓம், ஓம்" என்பார், என்ன சொன்னேன் என்று கேட்டால் தெரியாது.

அவர் போன பிறகு எனக்கும் இருப்புக் கொள்ளாது. கழுவின கோப்பைகளைத் திரும்பக் கழுவுவேன். சோபாவை அந்தச் சுவரில் இருந்து இந்தச் சுவருக்கு இழுப்பேன், பிறகு பழைய இடத்துக்கே தள்ளுவேன். வீட்டில் பால் இருக்கும்போதே கீழே டெபனர் கடைக்குப் போய்ப் பால் வாங்குவேன், அந்தக் கடைக்காரன் ஒரு "பொன்ஜூர்" சொல்வான் என்பதற்காக. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. ஒரு மனிசி தன் புருசன் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இருக்காது.

அவருடைய வலது உள்ளங்காலில் ஒரு மச்சம் இருந்தது. உள்ளங்காலில் மச்சம் உள்ளவர்கள் ஒரு இடத்தில் தரிக்க மாட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. கலியாணம் பேசும்போதே அம்மா அதைச் சொல்லி முகம் சுளித்தார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. போன வருசம் அந்த மச்சத்தின் கரை கொஞ்சம் விரிந்த மாதிரித் தெரிந்தது. இது கான்சராக இருந்தாலும் இருக்கும் என்று சொல்லி, நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு தோல் டொக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அக்கறை இல்லாதவள் இதைச் செய்வாளா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டொக்டர் அவருக்கு வேறு வருத்தங்கள் உண்டா, சீனி வியாதி உண்டா என்று கேட்டார். என் கணவருக்குப் பிரெஞ்சு வராது, எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில் நான்தான் இடையில் நின்று கதைத்தேன். அவருக்குச் சீனி இருக்கிறது, வருசக்கணக்காக இருக்கிறது. ஆனால் கிளினிக் படியேறும்போதே சொல்லிவிட்டார்.

"சீனி எண்டு வாய் திறந்திடாதையும். பேந்து லைசென்ஸில கை வைச்சிடுவாங்கள்."

ட்ரக் ஓடும் எங்கள் ஆட்களில் பலர் இப்படித்தான். ஒரு ஊசி, ஒரு குளிசையைப் பற்றிச் சொன்னாலே லைசென்ஸ் பறிபோய்விடும் என்று பயந்து, எந்த டொக்டரிடமும் மூச்சு விட மாட்டார்கள். ஆகவே நான் டொக்டரிடம் இல்லை என்றேன். அது அவருடைய பொய், நான் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்.

மச்சத்தை எடுத்த இடம் ஒரு கடலைப் பருப்பு அளவு பள்ளம். தையல் போடவில்லை, தானாக மூடும் என்றார்கள். நேர்ஸ் எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். காலையும் மாலையும் சவர்க்காரத் தண்ணீரால் மெல்லக் கழுவ வேண்டும். வாசலின் தடவி ஈரமாக வைத்திருக்க வேண்டும். அதன் மேல் ஒட்டாத கட்டு. வெறும் கோஸ் துணியைக் காயத்தில் நேரே வைக்கக் கூடாது, வைத்தால் புதுத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்றாள். எங்கள் சனத்துக்கு இது விளங்காது. போனில் வந்தவர்கள் எல்லாரும் கட்டை அவிழ்த்துக் காற்றுப் பட விடு, காய விடு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நான் ஒருவருடைய சொல்லையும் எடுக்கவில்லை. நேர்ஸ் சொன்னபடியே செய்தேன். சோதனை முடிவும் வந்தது, கெட்டது ஒன்றும் இல்லை என்று.

அந்தக் கிழமைகளைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவருக்குத் தொப்பை, குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. கண்ணாடி வைத்துப் பார்க்கவும் பயம். அதனால் காலையும் மாலையும் பாதத்தை என் மடியில் தூக்கி வைத்துவிட்டுச் சாய்ந்து படுத்திருப்பார். படுத்தபடி கதைப்பார். ரொக்கி மலைப் பாதையில் பனிக்கட்டியில் வண்டி வழுக்கினபோது என் பெயரைச் சொல்லிக் கத்தினதாகச் சொன்னார். கறிக்கு உள்ளி உரித்துத் தந்தார். நான் வேலையால் வரும்போது கதவைத் திறந்து, "ஏன் இண்டைக்குப் பிந்திட்டீர்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் வாயால் நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோசத்தில்தான்.

ஆனால் காயம் சுருங்கிக்கொண்டு வந்தது. அது சுருங்கச் சுருங்க எனக்குள் ஒரு அந்தரம். வேலையில் பெட்டி அடுக்கும்போது எண்ணிக்கை பிழைத்துவிடும். பஸ்ஸில் இருந்தால் இரண்டு தரிப்பிடம் முந்தியே எழும்பி நிற்பேன். ட்ரக் முதலாளி கணேசலிங்கம் அண்ணை ஒவ்வொரு நாளும் போன் எடுக்கத் தொடங்கினார். என் கணவரின் திறப்புக் கோர்வையும் மேசையில் இருந்து சட்டைப் பைக்குள் போனது.

ஒரு நாள் வாசலின் முடிந்துவிட்டது. வாங்க மறந்துபோனேன். வெறும் கோஸை வைத்துக் கட்டினேன். மாலையில் இழுத்தபோது வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தோல் ஒன்று அதோடு வந்தது, அடியில் பொட்டுப் பொட்டாக இரத்தம். சீனிக்காரருக்குப் பாதம் விறைத்திருக்கும், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"காயம் மாறி மூடிட்டுதே?" என்று கேட்டார்.

"இன்னும் ஈரமாத்தான் கிடக்கு" என்றேன். அது பொய்யும் இல்லை.

அவர் பெருமூச்சு விட்டுவிட்டுக் கணேசலிங்கம் அண்ணைக்குப் போன் எடுத்து, இந்தக் கிழமை ஏலாது என்றார். திறப்புக் கோர்வை திரும்ப மேசைக்கு வந்தது. நான் அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

இரண்டாவது தடவை வாசலின் முடிந்திருக்கவில்லை.

நான் ஊத்தை எதையும் பூசவில்லை, மருந்து எதையும் மறைக்கவில்லை. டொக்டர் பிறகு எழுதிக் கொடுத்த குளிசைகளை நேரம் தவறாமல் கொடுத்தேன். கழுவினேன், துடைத்தேன், புதுக் கையுறை போட்டேன். தோல் வந்து மூடப் பார்க்கிற நாட்களில் மட்டும் கோஸை உலர வைத்துக் கட்டினேன். போகப் போக அதற்கும் அந்தத் தோல் அசையாமல் இருந்தால் விரல் நுனியால் கொஞ்சம் உதவி செய்தேன். டொக்டர் தலையைச் சொறிந்தார். சீனி இல்லை என்பது நிச்சயமா என்று திரும்பவும் கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நிச்சயம் என்றேன்.

எங்கள் ஆட்களுக்குக் காயம் மாறவில்லை என்றால் காரணம் ஒன்றுதான், கிரந்திச் சாப்பாடு. நண்டு, இறால், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, புண்ணை மாறவிடாது என்பார்கள். கேட்ட எல்லாரும் அவர் என்ன சாப்பிட்டார் என்றுதான் கேட்டார்கள். கட்டுப் போடுகிற கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவருடைய தங்கச்சி அஜந்தா ஒரு நாள் நண்டுக்கறி கொண்டுவந்து கொடுத்திருந்தாள். பழி அவள் தலையில் விழுந்தது. கோயிலில் இரண்டு மூன்று பேர் அவளிடமே கேட்டுவிட்டார்களாம். நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

தை மாதம் எனக்குக் கடும் காய்ச்சல். அஜந்தா வந்து நின்று சமைத்தாள், அண்ணனுக்குக் கட்டும் மாற்றினாள். அறைக்குள் படுத்திருந்த எனக்குத் தாங்க முடியவில்லை. வெளியே அவளும் அவரும் சிரிக்கிற சத்தம் கேட்கும், அவருடைய கால் வேறு ஒருத்தியின் மடியில். எழும்ப எழும்ப விழுந்தேன். நான் எழும்பி நடமாடத் தொடங்கினபோது காயம் முக்கால்வாசி மூடியிருந்தது. அடுத்த கிழமை அஜந்தா வந்து பார்த்தபோது அது முந்தியதை விடப் பெரிதாகத் திறந்திருந்தது.

அவள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"மச்சாள், நான் கட்டின கிழமை சதை வந்து மூடினது. நீங்கள் எழும்பினாப் பிறகு திறந்திட்டுது. அது என்னெண்டு?"

"அந்தக் கிழமை அவர் கிரந்தி ஒண்டும் தின்னேல்லை" என்றேன்.

"இந்தக் கிழமையும் தின்னேல்லை. நான் அண்ணையைக் கேட்டனான்."

"அப்ப முந்தித் தின்ற நண்டு இப்பதான் வேலை காட்டுது போல."

அவள் முகம் சுருங்கிப் போனது. கட்டு மாற்றிய ஒவ்வொரு நாளும் அவள் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். பாவம், தன் நண்டுக்கறி மேல் பிழை இல்லை என்று காட்டுவதற்காக எடுத்திருக்கிறாள்.

அவருக்குக் காய்ச்சல் பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாதம் வீங்கி, கணுக்கால் வரைக்கும் சிவப்பு ஏறியிருந்தது. வெளியே பனி கொட்டியது. அம்புலன்ஸைக் கூப்பிட நான் போனை எடுத்தேன். அது உண்மை, போனை எடுத்தேன். அப்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

"ஒரு இடமும் போகாதையும்" என்றார். "என்ரை பக்கத்திலையே இரும்."

போகாதே என்று யார் யாரிடம் கெஞ்சுவது வழக்கம் என்று உங்களுக்கு இப்போது தெரியும். நான் போனைக் கீழே வைத்தேன். அவருடைய தலையை என் மடியில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க இருந்தேன். ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தேன். அவர் ஏதேதோ கதைத்தார், எல்லாவற்றிலும் என் பெயர் இருந்தது. அந்த ஒரு நாள்தான் எனக்குச் சோபாவை இழுக்கவோ கோப்பை கழுவவோ தோன்றவில்லை. அடுத்த நாள் அஜந்தா வந்துதான் அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டிருப்பேன்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்றார்கள். அஜந்தா ஆஸ்பத்திரி டொக்டர்மாரிடம் படங்களைக் காட்டினாள், பிறகு நீங்கள் வந்தீர்கள்.

நான்தான் செய்தேனா என்று நேற்றுத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். ஓம், நான்தான் செய்தேன். காயத்தை மாற விடாமல் வைத்திருந்தேன். சீனி இருப்பதைத் தெரிந்துகொண்டே வைத்திருந்தேன். காய்ச்சல் நாளில் தெரிந்துகொண்டே கூப்பிடாமல் இருந்தேன். கால் போகும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், இனி அவர் பல்கனிக்குப் போய் வானத்தைப் பார்க்கத் தேவையில்லை. ஒரு மனிதன் ஓடி ஓடி எத்தனை நாளைக்கு இருக்க முடியும்.

இன்னுமொன்று, இதை வினோஜா மறக்காமல் மொழிபெயர்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும் நேர்ஸ் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, வெட்டின இடத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். அவருடைய இடது குதிக்காலுக்குக் கீழே கடுகளவில் புதிதாக ஒரு மச்சம் வந்திருக்கிறது. நான்தான் முதலில் கண்டேன். பிந்தாமல் அதை எடுத்துவிடுவது நல்லது. கட்டு மாற்ற நான் வருவேன், கை கழுவிவிட்டுத்தான் தொடுவேன்.