மஸ்கெலியாவிலேயே அமைதியான பிள்ளைக்காம்பரா

எனக்கு வெற்றிலையில் சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கவேண்டும். வெற்றிலை ருசிக்கவில்லை என்றால் உடம்பில் ஏதோ கோளாறு. என் நிலைமை எனக்கே அப்படித்தான் தெரியவந்தது.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்க மலையேறும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்காதீர்கள், சொன்னால் நம்பமாட்டீர்கள். தொட்டில் கட்ட உத்தரம் போதாமல் மேகத்தில் கட்டலாமா என்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஒன்று தொடங்கினால் எல்லாம் சேர்ந்து அழும். ஹட்டன் பஸ்காரர் ஒருமுறை, பின்னால் இன்னொரு பஸ் ஹாரன் அடிக்கிறதென்று ஒதுங்கி நின்றாராம்.

பல வருஷம் சிரித்தே சமாளித்தேன். பிறகு வெற்றிலை மண்ணாகிவிட்டது. சோற்றில் உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. தலை வாரத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பின்னும் ஓடைச் சத்தத்துக்குள் குழந்தைகள் அழுதார்கள். ஒரு நாள் ராசம்மாவின் மகன் சின்னராசாவைத் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அவன் வீரிட்டான், நான் பிடியைத் தளர்த்தவில்லை. அவன் தோளில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஓய்வு வேண்டும் என்று புரிந்தது.

கணக்கப்பிள்ளையிடம் போனேன்.

"ஐயா, ஒரு வாரம் லீவு வேணுங்க. ரொம்ப ஓஞ்சு போயிட்டேன்."

"புள்ளைங்களத் தூங்க வச்சிட்டு நீயும் தூங்குற. ஒனக்கு எதுக்கு வேலாயி லீவு? கூடைய மாட்டிக்கிட்டு மலைக்குப் போய்ப் பாரு, அலுப்பெல்லாம் பறந்துரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் சொன்னதில் பாதி நியாயமாகப் பட்டது. பிள்ளைகள் தூங்கினால் எனக்கும் ஓய்வுதானே. அவர்களுக்கு இருமல் என்று சொல்லி, தோட்டத்து டிஸ்பென்சரியில் இனிப்பான மருந்து ஒன்றை வாங்கி வந்தேன். குடித்தால் கண் சொருகும். யாருக்கும் இருமல் இல்லை.

பிறகு எங்கள் காம்பராவில் ஈ தும்மினால் கேட்கும். நான் தலைக்கு எண்ணெய் வைத்தேன். வெற்றிலை ருசித்தது. பாட்டுக்கூட வந்தது. தோட்டத்தை நடத்தும் பெரிய துரை வந்து பார்த்து, கம்பளி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்து ஆயாக்களை என்னிடம் வேலை பழக அனுப்பினார்கள். எல்லாம் தாலாட்டில்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். என் குரலுக்குக் காக்கைகூட ஊரைக் காலி செய்துவிடும். ஆனாலும் நம்பினார்கள்.

ராசம்மா மட்டும் கேட்டாள். கொழுந்து நிறுக்க இறங்கும்போது பால் கொடுக்க ஓடிவருவாள்.

"அக்கா, தட்டித் தட்டி எழுப்புறேன், கண்ணத் தொறக்க மாட்டேங்குறான். எனக்கு மாரு கட்டிக்கிட்டு வலிக்குது."

"வயிறு ரொம்பித் தூங்குறான் தாயி. எழுப்பிக் கெடுக்காத."

அவள் தேயிலைச் செடி மறைவில் பாலைப் பீச்சிவிட்டு மலையேறுவாள். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். சின்னராசா இளைத்துக்கொண்டே போனதையும் பார்த்தேன். மருந்தைக் குறைத்தேன். குறைத்த அன்று முழுவதும் அவன் அழுதான், என் விரல்கள் பழையபடி அவன் தோளை இறுக்கத் தொடங்கின. இந்தக் கைகளால் அவனுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று பயந்தேன். மறுநாள் வழக்கத்தைவிட அதிகமாகக் கொடுத்தேன்.

அன்று ராசம்மா தூக்கியபோது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது. அடைமழைக் காலம். குளிர் தாக்கிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். முதலில் சொன்னது நான். தாக்கியது குளிர் அல்ல, நான்தான். இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பிள்ளையை அடக்கம் செய்த பிறகு ராசம்மா என் லயத்து வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, கடசியா எம்புள்ள அழுதானா? என்னயத் தேடுனானா?"

"இல்ல தாயி. அழவே இல்ல."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளிடம் நான் சொன்னவற்றில் அது ஒன்றுதான் பொய் இல்லை. வேறோர் ஆயாவிடம் விட்டிருந்தால், பாவம், அந்த ஆறுதல்கூட அவளுக்குக் கிடைத்திருக்காது.