வால் கழற்றிய இறக்கை

எனக்கு வயது நாற்பத்து மூன்று. கடற்கரைச் சாலையில் உள்ள அலைப்பலகைப் பட்டறையின் மாடியில் கணவருடன் குடியிருக்கிறேன். பட்டறையில் வடிவம் வரைவது அவர், வார்ப்பதும் தேய்ப்பதும் நான். திருமணமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது. தொடையில் இருபத்திரண்டு தையலுடன் மருத்துவமனையில் இருப்பவர் அவர்தான். விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பலகையின் அடியிலிருந்து ஒரு கம்பம் தண்ணீருக்குள் இறங்கும், அதன் முனையில் இறக்கை இருக்கும். வேகம் பிடித்ததும் பலகை நீரை விட்டு எழும்பிவிடும், இறக்கை மட்டும் உள்ளே ஓடும். அதற்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு வால் இறக்கை, பலகையின் மூக்கு தூக்காமலும் குத்தாமலும் பார்த்துக்கொள்ளும். அந்த வாலே வேண்டாம், ஒற்றை இறக்கை போதும், வேகம் கூடும் என்று என் கணவர் ஒரு வருடமாக வரைந்துகொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் வால் உள்ள பலகையிலிருந்து விழுந்தே அவர் கழுத்தில் அடிபட்டு, மூன்று மாதம் நான்தான் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஒற்றை இறக்கை தயாரானது. அப்போது எங்களுக்குள் வாக்குவாதம் ஏற்பட்டது. "காத்தாடிக்கே வால் இல்லேன்னா குட்டிக்கரணம் போடுது. உங்க கழுத்து தாங்குமா?" என்று கேட்டேன். "நீ தேய்ச்ச இறக்கை என்னை ஒண்ணும் பண்ணாது" என்றார். அதன் பிறகு நான் சத்தம் போட்டது உண்மை. "அதையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று நான் சொன்னதாகப் பக்கத்துக் கடையில் படகுப் பாய் தைப்பவர் சொல்லியிருப்பதும் சரிதான்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பலகையையும், காற்றில் அதை இழுக்கக் கையில் பிடிக்கும் காற்றுப்பாயையும் எடுத்துக்கொண்டு சொல்லாமல் கடலுக்குப் போனேன். அவர் ஏறுவதற்கு முன் அது எப்படிப் புரளும் என்று எனக்குத் தெரிய வேண்டும், வேறு நோக்கம் இல்லை. பதினாறு முறை விழுந்தேன். அதன் பிறகு முன்காலைச் சற்றுத் தள்ளி வைத்ததும் பலகை எழும்பியது. சத்தமே இல்லை. பதினொன்று எண்ணும்வரை நின்றேன். அதன் பிறகு பலகையின் மூக்கு நீரில் குத்த, விழுந்தேன், பாய் என்மேல் மூடிக்கொண்டது.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்த என் கணவர், நான் தலைதூக்கவில்லை என்று பயந்து, தூங்கி எழுந்த உடையோடு நீந்தி வந்துவிட்டார். நான் பாயை விலக்கி வெளியே வந்தபோது அவர் எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தார். அந்நேரம் ஓர் அலை பலகையைப் புரட்ட, இறக்கையின் பின் ஓரம் அவருடைய வலது தொடையைக் கிழித்தது. அந்த ஓரத்தைத் தாள்போல மெலிதாகத் தேய்த்தது நான்தான். வேறு எவரும் அவரைத் தாக்கவில்லை.

அதன் பிறகு என் காலைப் பலகையோடு பிணைத்திருந்த கயிற்றை அவிழ்த்து அவர் தொடையில் இறுக்கிக் கட்டி, அவரைப் பலகையில் படுக்கவைத்து, பின்னால் மண்டியிட்டு, பாயைக் காற்றில் பிடித்துக் கரைக்கு ஓட்டினேன். "தூங்காதீங்க, ஏதாவது பேசுங்க" என்றேன். "மேல எழும்பினப்ப முன்கால் எங்க வெச்சே?" என்று கேட்டார். கரைவரை அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். பாய் தைப்பவர் தன் வண்டியில் எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

எது வெட்டியது என்று மருத்துவர் கேட்டதற்கு என் கணவர், "என் வீட்டுக்காரி கைவேலை டாக்டர். எவ்வளவு சுத்தமா இறங்கியிருக்கு பாத்தீங்களா?" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். மருத்துவர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டார். மருத்துவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இன்று காலை காவலர் முன்னிலையில் கணவரைப் பார்க்க அனுமதித்தார்கள். ஏன் சொல்லாமல் போனாய் என்று அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாலை மறுபடி மாட்டிடலாம்மா" என்றார். நான் வேண்டாம் என்றேன். பின் ஓரத்தை மட்டும் மழுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் 'கூரிய ஆயுதம்' என்று எழுதியிருப்பதை 'இறக்கை' என்று திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(கையொப்பம்)