டாக்டர் கனி செருகிய கேபிள்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வயர்கள் ஒழுங்காக ஓடினால் அந்த வீட்டு மனிதர்களும் ஒழுங்காக இருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம், பஞ்சாயத்துத் தலைவரே. கில்மோர் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என்னை டாக்டர் கனி என்பார்கள். பட்டம் நானே போட்டுக்கொண்டது. போர்டில் எழுதியபின் யாரும் சண்டைக்கு வரவில்லை.

கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையின் கேபிள் பற்றி ஒரு வீடியோகூடப் போட்டிருக்கிறேன். பார்த்த சொற்பப் பேரில் என் மனைவி அமிஹானும் ஒருத்தி. விஷயம் எளிது. டிஸ்க்கில் செருகும் முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். பவர் சப்ளையில் செருகும் முனையில் எந்தத் துளையில் என்ன மின்சாரம் வரும் என்பது அவரவர் இஷ்டம். ஒரு கம்பெனியின் கேபிள் இன்னொன்றில் சமர்த்தாகப் பொருந்தும். ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்துக்குப் பன்னிரண்டு போகும், டிஸ்க் கருகும். ஆகவே பவர் சப்ளையை மாற்றினால் கேபிளையும் மாற்று. கற்றுக்குட்டிக்கும் தெரியும்.

அமிஹான் வீட்டிலிருந்தே கார்ட்டூன் படம் செய்கிறவள். மூன்று வருடமாக ஒரே படம். இறந்துபோன அவள் அம்மா பாடிய தாலாட்டு அவர் குரலிலேயே அதில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. முன்னோட்டத்தைப் பார்த்து வான்கூவரில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டது. முழுப் படமும் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். விசா அவள் ஒருத்திக்கு மட்டும்.

நான் மறுப்பே சொல்லவில்லை. தெருவுக்கே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். நீங்களும் இரண்டு சாப்பிட்டீர்கள். அவள் போனபின் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன் என்று எவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவள் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை இரைய ஆரம்பித்தது. கடையிலிருந்து வேறு கம்பெனி பவர் சப்ளை ஒன்று எடுத்துவந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பழைய கேபிளைச் சொருகிடாதே டாக்டரே. வீடியோவில அழாத குறையா நீயேதான் சொன்னே."

"புதுசுதான்" என்றேன்.

படத்தின் நகல் ஒன்றை இன்னொரு டிஸ்க்கில் வைத்து அலமாரியில் பூட்டியிருந்தாள். அதுவும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தால் பத்திரம், நகல் தானாகவே எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். நன்றி சொல்லி எடுத்துக் கொடுத்தாள். இரண்டு டிஸ்க்கையும் ஒரே கேபிளில் கோத்தேன். வளைவுகள் சீராக இருந்தன. என் வேலையிலேயே அழகான வேலை.

"நீயே ஆன் பண்ணு" என்றேன்.

பெரிய சத்தமில்லை. நகம் கருகுவது போல ஒரு வாடை மட்டும்.

"அம்மா குரலை மட்டுமாவது எடுத்துக் குடுத்துடு, கனி. படம் போனாப் போகுது."

பார்க்கிறேன் என்று சொல்லி டிஸ்க்குகளைக் கடைக்குக் கொண்டுபோனேன். டிஸ்க்கின் வெளிப்பக்க மின்பலகைதான் கருகியிருந்தது. உள்ளே படம் பதிந்திருந்த தகடுகள் நன்றாகவே இருந்தன. கெட்டிக்காரன் கைக்குப் போனால் எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும். அதனால்தான் சான் ஹுவான் ஆற்றில் போட்டேன்.

இப்போது அவள் தன் அண்ணன் வீட்டில் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். கஞ்சி கொண்டுபோனால் கதவைத் திறப்பதில்லை. உங்களிடம் புகார் கொடுத்த அண்ணனும் நல்லவர்தான். கேபிள் கவனக்குறைவாக மாறிவிட்டது என்று உங்கள் முன்னால் எழுதிக் கொடுத்தால் சமாதானமாகப் போய்விடலாம் என்கிறார். நீங்களும் பேனாவை நீட்டுகிறீர்கள்.

ஆனால் பக்கத்துக் கடை பொயெட் இப்போதே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்: "டாக்டருக்குக் கேபிள் எதுன்னே தெரியலையாம்."

அதை என்னால் தாங்க முடியாது, தலைவரே. தெரிந்துதான் செருகினேன் என்றே எழுதுங்கள். அமிஹானைக் கேட்டாலும் அதையே சொல்வாள். என் வேலைமீது அவளுக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.