மாப்பிள்ளைக்கு நன்றி சொல்ல வந்தேன்

அவையை அழகு செய்யும் தலைவர் அவர்களே! என்னை மேடையேற்றிவிட்டு இப்போதே வருந்தத் தொடங்கியிருக்கும் செயலாளர் அவர்களே! ஆன்றோரே! அன்பே வடிவான தாய்மார்களே! கண் தராத கல்வியைக் காதால் வென்றெடுத்த என் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

நம் மன்றத்தின் பாடப் பதிவுகளுக்காக நீங்கள் வாங்கித் தந்த புதிய சர்வரைப் புகழப் பலர் இருக்கிறார்கள். நான் பழையதைப் பாட வந்தவன். சர்வர் என்றதும் ஓட்டலில் தண்ணீர் வைப்பவரை நினைக்கிறீர்களா? தவறே இல்லை! வேலை அதேதான். கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது.

வீட்டுப் படங்களைச் சேர்த்து வைக்க என் அக்காவின் மருமகன் வாங்கித் தந்த சின்னப் பெட்டி அது. 'மாப்பிள்ளை தந்த பெட்டி' என்று சொல்லிச் சொல்லி, நாளடைவில் மற்றதெல்லாம் உதிர்ந்து வெறும் 'மாப்பிள்ளை' ஆகிவிட்டது. அதில்தான் அக்கா உங்கள் பாடநூல்களை வாசித்துப் பதிந்து வைத்தார். முதலில் கேட்டவர் யார்? சட்டம் படிக்கத் துடித்த ஒரு டெலிபோன் ஆபரேட்டர். அதோ, மூன்றாம் வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான்! அவர் தோழிக்குச் சொன்னார். தோழி ஊருக்கே சொன்னார். நாலு பேருக்குப் பரிமாறப் பழகியவர் முன் நானூறு பேர் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? மூச்சு வாங்கும். முனகும். கொதிக்கும்.

ஒருநாள் அக்கா என் சின்னக்காவிடம் போனில் புலம்பினார். "மாப்ள நேத்துலேருந்து முனகிட்டே இருந்தாரு. உடம்பு அனலா கொதிக்குது. இப்ப பேச்சு மூச்சே இல்லடி!"

சின்னக்கா அழுதுகொண்டே ஓடி வந்தார். கதவைத் திறந்தது யார்? கையில் திருப்புளியோடு அசல் மாப்பிள்ளை!

"ஐயோ, எந்திரிச்சுட்டீங்களா மாப்ள!"

"நான் எப்ப படுத்தேன், சின்ன அத்தை?"

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்குள் இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று போய்விட்டது. மற்றொன்று போகப் பார்க்கிறது. உங்கள் தேர்வோ அடுத்த வாரம். பாடங்களுக்கு வேறு பிரதி இல்லை. நீங்கள் தந்த புதிய சர்வர் பக்கத்தில் காத்திருக்கிறது. ஆனால் எதை முதலில் எடுப்பது?

தலைவர் மணியைத் தொடுகிறார். தொடட்டும், அடிக்காமலிருந்தால் சரி!

"அத்தை, இது எப்ப வேணா நின்னுடும். மாமா படமெல்லாம் இதுலதான் இருக்கு. அதை முதல்ல எடுத்துடவா?" என்றார் மருமகன்.

அத்தான் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அக்கா சொன்னார்: "பாடத்தை எடுங்க மாப்ள. பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. அவரு மொகம் எனக்கு மறந்தா போயிடும்?"

மின்விசிறியைப் பெட்டிக்கு நேரே வைத்தோம். ஒவ்வொரு பாடமாக, ஒவ்வொரு பாடமாக, அத்தனையும் கரையேறின. ஒன்றுகூடத் தவறவில்லை! பிறகு படங்களைத் தொட்டோம். டிக் டிக் என்றது. நின்றுவிட்டது.

அந்தப் பெட்டி தோற்றதா? யார் சொன்னது? அதன் கொள்ளளவை மீறி நாம் வளர்ந்தோம். அந்த வளர்ச்சிக்குச் சோறு போட்டது யார்? அதுதானே!

நம் டெலிபோன் ஆபரேட்டர் இன்று வழக்கறிஞர். ஆம், தட்டுங்கள், கைகளை நன்றாகத் தட்டுங்கள்! படங்கள் போன செய்தி கேட்டு அவர் அக்காவைத் தேடி வந்தார்.

"அக்கா, ஒப்பந்தச் சட்டம் ஒன்பதாவது பாடம் போட்டுக் கேளுங்க. பின்னாடி உங்க வீட்டுக்காரர் தும்முறாரு. நீங்க சிரிச்சுட்டீங்க. 'வாசி, வாசி, நான் போயிடறேன்'னு அவரு சொல்றாரு. நாங்க எல்லாரும் அந்த இடம் வந்தா சேர்ந்து சிரிப்போம்."

அக்கா அந்தப் பாடத்தைப் போட்டார். தும்மல் வந்தது. சிரிப்பு வந்தது. அத்தான் பேசினார். அக்கா இன்னொரு முறை போட்டார்.

கேட்டுக் கேட்டே அந்தக் குரலைக் காப்பாற்றித் தந்த உங்கள் காதுகளுக்கு எங்கள் குடும்பத்தின் கோடி நன்றி. பொறுமை காத்த தலைவருக்கும் நன்றி. வணங்கி அமர்கிறேன்.