பிரேக் இன்ஸ்பெக்டரும் பிளிமத்தும்

அப்படிச் சாத்தினா மூடாது சார். கதவை லேசா தூக்கி, அப்புறம் இழுங்க. ஆங், அவ்வளவுதான். காலை மட்டும் இந்தப் பக்கமா வெச்சுக்கோங்க, அந்த ரப்பர் ஷீட்டுக்கு அடியில ஓட்டை. தகரம் வெச்சு அடைச்சிருக்கு, ஆனா நீங்க கொஞ்சம் கனமான ஆளு.

அம்பத்து நாலு மாடல் சார், பிளிமத், அமெரிக்காக்காரன் வண்டி. இதோட மூணு தடவை கேட்டுட்டீங்க. பானெட்டைத் தொறந்து நீங்க உள்ள எட்டிப் பாத்ததுலயே கால் மணி நேரம் போச்சு. போன தடவை இருந்த இன்ஸ்பெக்டர், பம்பர்ல மூஞ்சியைப் பாத்து மீசையைச் சீவிட்டு, இவ்வளவு பெரிய வண்டியை லேடீஸ் ஓட்டறதாவது, சின்ன வண்டியா கொண்டு வாங்கம்மான்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போய்ட்டார். அதுக்கு முந்தின தடவை நான் தார் டிரம்மை இடிச்சேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன். எல்.எல்.ஆர். நாளையோட முடியுது. இன்னிக்கும் நீங்க பாஸ் போடலன்னா ஆம்பூர்லேருந்து மறுபடியும் முதல்லேருந்து அலையணும். அதனால வண்டியை அப்புறம் ரசிங்க, இப்ப என்னைப் பாருங்க. நான் ஓட்டறதைப் பாருங்கன்னு சொன்னேன் சார், வேற ஒண்ணும் இல்ல.

கமலவேணி. ஃபார்ம்ல போட்டிருக்கேனே. வயசு நாப்பத்தாறு, நிஜம்தான்.

கெளம்பறேன். கியர் இங்க, ஸ்டியரிங் கழுத்துலயே. வலது பக்கம் கை காட்டறேன். குதிரை வண்டி, அவன் போகட்டும். இடது கைப்பக்கம் கரும்பு ஜூஸ் வண்டி, ரெண்டு பேர் குடிக்கறாங்க. முன்னாடி லாரி, பதம் பண்ணாத பச்சைத்தோல் ஏத்தியிருக்கான், நாத்தம் வருதில்ல. ஹாரன் அடிக்கறேன். ஒதுங்கிட்டான்.

டிரைவிங் ஸ்கூலா? அங்க போனா இந்த வண்டியைப் பாத்து அவனுங்கதான் கத்துக்க வருவானுங்க. எங்க வீட்டுக்காரர்தான் சொல்லிக் குடுத்தார். உங்க ஆபீஸ் வாசல்ல, வேப்பமரத்தடி பெஞ்சுல கருப்புக் கண்ணாடி போட்டு உக்காந்திருக்காரே, நந்தகோபால், அவர்தான். தோல் கம்பெனில ஃபினிஷிங் சூப்பர்வைசரா இருந்தார். இது அவங்க முதலாளி ஆபித் பாஷா சாஹேபோட வண்டி. கம்பெனில தோல் ஊறப் போடற சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னாடி எட்டு வருஷம் கெடந்துச்சு. மேல தோலைக் காயப் போடுவாங்க, உள்ள கோழி முட்டை வெக்கும். இவர் போய்க் கேட்டிருக்கார். சாஹேப் சிரிச்சுட்டு, எடுத்துட்டுப் போப்பா, கோழியை மட்டும் விட்டுட்டுப் போன்னாராம்.

மாடு கட்டித்தான் இழுத்துட்டு வந்தோம். அப்புறம் ஒன்பது வருஷம் சார். என் அரிசி டப்பால நட்டு போல்ட்டு, கூடத்துல கியர் பாக்ஸ். வந்தவங்க எல்லாம் அது மேலதான் காப்பி டம்ளரை வெப்பாங்க. சாமான் தேடி மெட்ராஸ், பம்பாய்னு அலைஞ்சார். சீட்டு மட்டும் எங்க ஊர்ச் சரக்கு. எக்ஸ்போர்ட்ல திருப்பி அனுப்பின லாட், மொத்தம் பதினெட்டு ஆட்டுத் தோல். தடவிப் பாக்கறீங்களே, இன்னிக்கு வெயில், பரவாயில்ல. மழை நாள்ல பதினெட்டு ஆடும் எழுந்து வந்துடும். அந்த வாடைக்குத் தெரு நாயெல்லாம் பின்னாடியே ஓடி வரும்.

லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் சார். என்னைப் பாத்தா பெட்ரோல் பங்க் ஓனர் எழுந்து நிக்கறார்.

முதல் நாள் பஜார்ல எறக்கினப்ப, பிரியாணிக் கடைக்காரர் கரண்டியோட ரோட்டுக்கு வந்துட்டார். எனக்கு வந்த எரிச்சல் இருக்கே, இரும்புக்கு இவ்வளவு மரியாதையான்னு. ஆனா உண்மையைச் சொல்லணுமில்ல. நான் படிச்ச கான்வென்ட்ல மதர் ஜீப் ஓட்டுவாங்க, அதைப் பாத்ததுலேருந்து எனக்கு ஒரு ஆசை, கல்யாணத்துல அது மறந்தே போச்சு. இந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சதும் திரும்பி வந்துடுச்சு. முன்னாடி இவ்வளவு நீளத்துக்கு பானெட்டு, நிக்கல் பளபளன்னு. நான் வர்றது ஊருக்கே முன்கூட்டியே தெரியுது. லாரிக்காரன் ஒதுங்கறான். ஒரு பொம்பளைக்கு ரோட்ல இப்படி வழி விட்டு நீங்க பாத்திருக்கீங்களா?

இங்க ரிவர்ஸா? எடுக்கறேன். பின்னாடி ரெண்டு கம்பம், நடுவுல ஒரு ஆடு. போய்டுச்சு. இன்னும் ஒரு முழம். நின்னாச்சு. இடிக்கல, எறங்கிப் பாருங்க.

என்ன சார்? ஹைவேஸ்ல எங்க வீட்டுக்காரர் ஒரு ரவுண்டு விட்டுக் காட்டணுமா? எவ்வளவு ஸ்பீடு போகும்னு பாக்கணுமா. நீங்களும் அந்த பிரியாணிக் கடைக்காரர் மாதிரிதான்.

அவர் ஓட்ட மாட்டார் சார். ரெண்டு வருஷம் ஆச்சு. சக்கரை வியாதி. மொதல்ல இடது கண்ணு, அடுத்த தீபாவளிக்குள்ள வலதும் போச்சு. இந்த நிக்கல் பட்டை எல்லாம் தடவிப் பாத்துத்தான் மாட்டினார்.

இன்னிக்கு யார் ஓட்டிட்டு வந்தாங்கன்னா, நான்தான். இருங்க, பேனாவை மூடாதீங்க. எல்.எல்.ஆர். காரி பக்கத்துல லைசென்ஸ் உள்ளவர் உக்காந்திருக்கணும், அதுதானே உங்க ரூல்? உக்காந்திருந்தார். அவர் லைசென்ஸ் எண்பத்தஞ்சாம் வருஷம் வரைக்கும் செல்லும். பக்கத்துல இருக்கறவருக்குக் கண்ணு தெரியணும்னு நீங்க குடுத்த பேப்பர்ல எழுதல, நான் ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன். கியரை எப்ப மாத்தணும்னு இஞ்சின் சத்தத்துலயே சொல்லிடுவார். எதிர்ல என்ன வருதுன்னு நான் சொல்லிட்டே வருவேன். மாதனூர்ல எருமை, பள்ளிகொண்டால பஸ்ஸு. அதுல இந்த வாய் பழகிப் போச்சு, நீங்க பக்கத்துல இருந்தும் நிக்கல. மன்னிச்சுக்கோங்க.

பாஸ்னு எழுதிட்டீங்களா? நல்லது சார்.

இனிமே அவர் என் பக்கத்துல உக்காந்தே ஆகணும்னு இல்ல பாருங்க. பின் சீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கட்டும். ஆறு மாசமா ஒரு தடவைகூடக் கண் அசராம வர்றார் மனுஷன்.